பகுதிநேரச் செவிலியரின் நேரம் யார் கையில் இருக்கிறது?

குழந்தை பிறந்த பிறகோ, வீட்டில் முதியவர் ஒருவர் படுத்த படுக்கையான பிறகோ, முழுநேரப் பணியிலிருந்து பகுதிநேரத்துக்கு மாறும் செவிலியர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஐந்து ஷிப்ட் பார்த்த இடத்தில் மூன்று ஷிப்ட் பார்த்தால் மீதி நேரம் குடும்பத்துக்குக் கிடைக்கும் என்பதுதான் அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு. காகிதத்தில் அந்தக் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் மாறிய சில மாதங்களிலேயே, சம்பளம் குறைந்த அளவுக்குச் சுமை ஏன் குறையவில்லை என்ற கேள்வி பலருக்கு எழுந்துவிடுகிறது. வேலை நேரம் எத்தனை மணி என்பதை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. அந்த நேரம் எந்த நாளில், எந்த வேளையில் வருகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள், எவ்வளவு முன்கூட்டியே தெரியவருகிறது என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட செவிலியர் பணி குறித்த அறிக்கை, உலகில் ஏறத்தாழ 2 கோடியே 79 லட்சம் செவிலியர்கள் இருப்பதாகவும், அவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள் என்றும் மதிப்பிட்டது. இந்த விகிதம் நம் பொருளுக்கு மிக முக்கியமானது. குழந்தை வளர்ப்பும் முதியோர் பராமரிப்பும் பெரும்பாலான சமூகங்களில் இன்னும் பெண்களின் பொறுப்பாகவே கருதப்படுவதால், இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் தேவைப்படும் ஒரு தொழிலும், அதேபோல் எந்நேரமும் ஆள் தேவைப்படும் ஒரு வீடும் ஒரே மனிதரை இரு பக்கமும் இழுக்கின்றன. ஆண் செவிலியர்களுக்கும் இந்த இழுபறி உண்டு. குடும்பத்துக்காகப் பகுதிநேரம் கேட்கும் ஆணுக்கு நிர்வாகத்திடமும் உறவினரிடமும் கூடுதல் விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயமும் பல இடங்களில் சேர்ந்துகொள்கிறது.

பகுதிநேரம் என்பதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான மணிக்கணக்கு கிடையாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1994-இல் நிறைவேற்றிய பகுதிநேர வேலை உடன்படிக்கை, ஒப்பிடத்தக்க முழுநேரப் பணியாளரைவிடக் குறைந்த நேரம் வேலை செய்பவர் என்று மட்டுமே வரையறுக்கிறது. ஆகவே வாரத்துக்கு இரண்டு எட்டு மணி நேர ஷிப்ட் பார்ப்பவரும், இரண்டு பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்ப்பவரும், நாள்தோறும் காலையில் நான்கு மணி நேரம் மட்டும் வந்து போகிறவரும் ஒரே பெயரின் கீழ் வந்துவிடுகிறார்கள். இவர்களின் வீட்டு வாழ்க்கை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே செல்ல வேண்டும்.

வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான மோதலை ஆராய்ந்த கிரீன்ஹவுஸ், பியூட்டெல் என்னும் இரு ஆய்வாளர்கள் 1985-இல் அதை மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஒன்றில் செலவிடும் நேரம் மற்றொன்றுக்கு இல்லாமல் போவது முதல் வகை. ஒன்றில் ஏற்படும் களைப்பும் மன அழுத்தமும் மற்றொன்றுக்குள் கசிவது இரண்டாவது. ஓரிடத்தில் தேவைப்படும் நடத்தை இன்னோரிடத்தில் பொருந்தாமல் போவது மூன்றாவது. இந்தப் பகுப்பு செவிலியர் பணிக்கென்று செய்யப்பட்டதில்லை என்றாலும், அதற்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் வேறு தொழில் இருக்குமா என்பது சந்தேகமே. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளியின் உயிர் பிரிந்த அன்று, ஷிப்ட் நான்கு மணி நேரமா எட்டு மணி நேரமா என்பது அந்தத் துயரத்தின் அளவைத் தீர்மானிப்பதில்லை. வார்டில் ஒரே நேரத்தில் மூன்று பேருக்குப் பதில் சொல்லியும், முக்கியமானதை முதலில் பிடித்து மற்றதைத் தள்ளிவைத்தும் பழகிய மனம், வீட்டுக்கு வந்ததும் பள்ளியில் நடந்ததை நிறுத்தி நிறுத்திச் சொல்லும் ஆறு வயதுக் குழந்தையிடமும் "சரி, விஷயத்துக்கு வா" என்று அவசரப்படுத்துகிறது. பகுதிநேரம் என்ற ஏற்பாடு முதல் வகை மோதலுக்கு மட்டுமே நேரடியான மருந்து. மற்ற இரண்டும் மணிக்கணக்கைக் குறைத்ததால் மட்டும் அதே விகிதத்தில் குறைந்துவிடுவதில்லை.

அந்த முதல் வகையிலும்கூட நேரம் எங்கே கசிகிறது என்பதைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்கலாம்.

ஷிப்ட் பிற்பகல் இரண்டு மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றே முக்காலுக்கு அடுத்த ஷிப்ட் செவிலியர் வருகிறார். ஒவ்வொரு படுக்கையாக நடந்து, இவருக்குக் காலையில் காய்ச்சல் இருந்தது, இவருக்கு ஐ.வி. லைன் மாற்றியாகிவிட்டது, இவருடைய இரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை, இவர் மகனிடம் மருத்துவர் மாலையில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார் என்று ஒப்படைக்க வேண்டும். நடுவில் ஒரு படுக்கையில் அலாரம் அடிக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வருவதற்குள் மருந்துப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து விடுபட்டிருப்பது கண்ணில் படுகிறது. கேஸ் ஷீட் எழுதி முடித்து உடை மாற்றி வெளியே வரும்போது மணி இரண்டே முக்கால். பள்ளி வாசலில் குழந்தை காத்திருக்கும் செவிலியருக்கு இந்த முக்கால் மணி நேரம் என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஒப்படைப்பை அவசரமாக முடித்தால் நோயாளிக்கு ஆபத்து. நிதானமாக முடித்தால் வீட்டில் ஒருவர் காத்திருக்க நேரிடும். மனசாட்சியுள்ள செவிலியர் நோயாளியின் பக்கமே நிற்கிறார். அந்த முக்கால் மணிக்குப் பெரும்பாலும் யாரும் கணக்கு வைப்பதில்லை.

இது எல்லாச் செவிலியருக்கும் நேர்வதுதானே என்று கேட்கலாம். நேர்வதுதான், ஆனால் பகுதிநேரத்தவருக்கு அதன் பங்கு பெரிது. ஷிப்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒப்படைப்புக்கு அரை மணி வீதம் போகிறது என்றால், எட்டு மணி நேர ஷிப்டில் அது எட்டில் ஒரு பங்கு. நான்கு மணி நேர ஷிப்டில் நான்கில் ஒரு பங்கு. போக்குவரத்து நேரமும் அப்படித்தான்: நான்கு மணி நேர வேலைக்கும் எட்டு மணி நேர வேலைக்கும் பயணத் தூரம் ஒன்றே. இதோடு, வாரத்தில் சில நாட்களே வருபவருக்கு வார்டு ஒவ்வொரு முறையும் பாதி புதிதாக இருக்கிறது. நான்கு நாள் கழித்து வரும்போது பழைய நோயாளிகள் வீடு திரும்பியிருப்பார்கள், சிகிச்சை முறையில் ஏதேனும் ஒன்று மாறியிருக்கும், புதிய கருவி ஒன்று வந்திருக்கும். இவற்றைப் பிடித்துக்கொள்வதற்காகவே இருபது நிமிடம் முன்னதாக வந்து கேஸ் ஷீட்டுகளைப் புரட்டும் செவிலியர்கள் நிறைய. அக்கறையால் செய்யப்படும் இந்த வேலை எந்தச் சம்பளச் சீட்டிலும் ஏறுவதில்லை என்பதை நிர்வாகங்கள் எளிதாக மறந்துவிடுகின்றன.

பிறகு, ஓய்வு நாளில் வரும் தொலைபேசி அழைப்பு. "ஒருத்தர் திடீர்னு லீவு. நீங்க இன்னைக்கு ஃப்ரீதானே சிஸ்டர், ஒரு ஷிப்ட் மட்டும் வர முடியுமா?" முழுநேரச் செவிலியரைவிடப் பகுதிநேரச் செவிலியருக்கே இந்த அழைப்பு முதலில் போவதற்குக் காரணம் இருக்கிறது. அவருக்குச் சட்டப்படியான உச்சவரம்பு வரை நேரம் மீதமிருக்கிறது. அதோடு, முழுநேர மணிக்கணக்கைத் தாண்டினால்தான் ஓவர்டைம் கூடுதல் விகிதம் என்று விதி உள்ள இடங்களில், அவரை அழைப்பது நிறுவனத்துக்கு மலிவாகவும் முடிகிறது. ஜெர்மனியில் டயாலிசிஸ் மையங்களில் பகுதிநேரமாகப் பணியாற்றிய பராமரிப்புப் பணியாளர் இருவர் தொடுத்த வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை சென்றது. முழுநேர மணிக்கணக்கைக் கடந்தால் மட்டுமே கூடுதல் படி தரும் விதி, அதற்குத் தக்க காரணம் இல்லாத நிலையில், பகுதிநேரத்தவரைக் குறைவாக நடத்துவதாகும் என்றும், அவர்களில் பெண்களே மிகுதியாக இருக்கும்போது அது பாலினப் பாகுபாடாகவும் அமையலாம் என்றும் 2024 ஜூலையில் அந்த நீதிமன்றம் கூறியது. ஒப்பந்த நேரத்துக்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு மணிக்கும் பகுதிநேரப் பணியாளரின் வாழ்க்கையில் ஒரு விலை உண்டு என்பதைச் சட்டத்தின் மொழியில் சொன்ன தீர்ப்பு என்று இதைக் கருதுகிறேன்.

அழைப்பை மறுக்கலாமே என்பது சரிதான். ஆனால் மறுக்கும்போது கண்முன் வருவது நிர்வாகத்தின் முகம் இல்லை. அன்று இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்யப்போகும் சக செவிலியரின் முகம். மறுத்துவிட்டு வீட்டில் இருந்தாலும் மனம் வார்டிலேயே சுற்றுகிறது. இப்படி அடிக்கடி நிகழ்ந்தால், ஓய்வு நாள் காத்திருக்கும் நாளாகத் திரிந்துவிடுகிறது.

இரவுப் பணி இன்னொரு சிக்கல். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, தூக்கமும் விழிப்பும் மாறிவரும் உடலின் நாளோட்டத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் 2007-இல் சேர்த்தது. 2019-இல் மீண்டும் ஆராய்ந்து இரவு ஷிப்ட் வேலையை அதே பிரிவில் வைத்தது. நீண்டகால உடல்நலம் ஒருபுறமிருக்க, அன்றாடக் குடும்ப வாழ்வில் அது என்ன செய்கிறது என்பது பகுதிநேரத்தவர் விஷயத்தில் தனியாகக் கவனிக்கத்தக்கது. "வாரத்துக்கு ரெண்டே ரெண்டு நைட்தானே" என்று சொல்லப்படும் ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நைட் டியூட்டி மூன்று பகுதிகளைத் தின்கிறது: முதல் நாள் பிற்பகலில் தூங்க முயலும் நேரம், பணி செய்யும் இரவு, மறுநாள் தூங்கியும் தூங்காமலும் கழியும் பகல். செவ்வாய் இரவும் வெள்ளி இரவும் என்று பிரித்துப் போட்டால், பட்டியலில் இரண்டு ஷிப்டாகத் தெரிவது வீட்டில் நான்கு நாட்களைத் தொட்டுவிடுகிறது. அடுத்தடுத்த இரவுகளாக அமைத்தால் குலையும் நாட்கள் குறையலாம், ஆனால் அதில் சேரும் களைப்பு வேறு. எது ஏற்றது என்பது அந்தக் குடும்பத்துக்கே தெரியும். ஆகவே அதைக் கேட்டு முடிவு செய்வதுதான் முறை.

பகலில் தூங்குபவரின் தூக்கத்தை வீடு தூக்கமாக மதிப்பதில்லை என்பதும் உண்மை. அழைப்பு மணி அடிக்கிறது, பாத்திரம் உருள்கிறது, ஒரு நிமிடம் கேட்டுவிட்டுப் போகிறேன் என்று யாராவது கதவைத் தள்ளுகிறார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு ஓர் அலுவலக ஊழியரை எழுப்பி மளிகைப் பட்டியல் கேட்பது எவ்வளவு தவறோ, இரவுப் பணி முடித்து வந்த செவிலியரைப் பிற்பகலில் எழுப்புவதும் அவ்வளவு தவறு. இதை வீட்டாருக்கு உட்கார்ந்து விளக்கிச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டின் பக்கம்

இதுவரை சொன்னவை பெரும்பாலும் மருத்துவமனை சார்ந்தவை. மீதிப் பாதி வீட்டில் நடக்கிறது. இருவரும் முழுநேர வேலைக்குச் செல்லும் குடும்பத்தில், எத்தனை குறை இருந்தாலும், வேலைகள் ஏதோ ஒரு வகையில் பங்கிடப்பட்டிருக்கும். யார் சமைப்பது, யார் குழந்தையை அழைத்து வருவது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் விடுப்பு எடுப்பது என்பதற்கெல்லாம் பேசியோ பேசாமலோ ஓர் ஒப்பந்தம் இருக்கும். ஒருவர் பகுதிநேரத்துக்கு மாறியதும் அந்த ஒப்பந்தம் யாரும் அறிவிக்காமலே காலாவதியாகிவிடுகிறது. "நீதான் வீட்டில் இருக்கிறாயே" என்ற ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் அவர் பக்கம் தள்ளப் போதுமானதாகிறது. நாற்பது விழுக்காடு பணிநேரத்தைக் குறைத்தவர் வீட்டு வேலையில் பெரும் பகுதியை ஏற்றுக்கொண்டால், அவருடைய மொத்த உழைப்பு முன்பைவிடக் கூடவும் வாய்ப்பிருக்கிறது. வருமானம் மட்டும் உறுதியாகக் குறைகிறது.

செவிலியர் என்பதால் இதில் இன்னோர் அடுக்கும் சேர்கிறது. குடும்பத்தில் யாருக்கு இரத்த அழுத்தம் பார்க்க வேண்டுமானாலும், யாரை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டுமானாலும், அறுவை சிகிச்சைக்குப் பின் யாருடைய காயத்துக்குக் கட்டு மாற்ற வேண்டுமானாலும், நினைவுக்கு வருவது இவர்தான். அன்போடும் நம்பிக்கையோடும் கேட்கப்படுவதால் மறுப்பது கடினம். ஆனால் மருத்துவமனையில் மூன்று நாள், மாமனார் படுக்கையருகே நான்கு நாள் என்று அமைந்துவிட்டால், அவருக்கு ஓய்வு நாளென்று ஒன்று மிஞ்சுவதில்லை. செவிலியருக்கு இயல்பாகவே சேவை மனப்பான்மை உண்டு, அவர் களைப்படைய மாட்டார் என்ற எண்ணம் எவ்வளவு பாராட்டாகச் சொல்லப்பட்டாலும், அதைப்போல் அவருக்குத் தீங்கு செய்வது வேறில்லை. பராமரிப்பு என்பது அறிவும் உடலுழைப்பும் கவனமும் கேட்கும் வேலை. அதை வீட்டில் செய்தாலும் உடல் அதை வேலையாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

பணியிடத்து உறவுகளிலும் ஓர் உரசல் உண்டு. பகுதிநேரத்தவர் வசதியான காலை ஷிப்டுகளை எடுத்துக்கொள்கிறார்கள், பண்டிகை நாட்களும் இரவுகளும் எங்கள் தலையில் விழுகின்றன என்று முழுநேரச் செவிலியர்கள் வருந்துவதில் நியாயம் இல்லாமல் இல்லை. குழந்தை இல்லாத செவிலியருக்கும் சொந்த வாழ்க்கை உண்டு. ஆனால் இந்த உரசலின் வேர் பகுதிநேரத்தவரின் சுயநலத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வு, செவிலியர் ஒருவரின் பொறுப்பில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும், அறுவை சிகிச்சை பெற்ற நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், செவிலியர் பணிச்சோர்வில் வீழும் வாய்ப்பு 23 விழுக்காடும் கூடுவதோடு தொடர்புடையது எனக் கண்டது. ஆள் பற்றாக்குறையுள்ள வார்டில் முழுநேரமும் தாக்குப்பிடிக்க முடியாததால் சிலர் நேரத்தைக் குறைக்கிறார்கள். அவர்கள் குறைத்ததால் பற்றாக்குறை இன்னும் கூடுகிறது. மிச்சமிருப்பவர்களின் சுமை ஏறுகிறது. இந்தச் சுழலைக் காரணம் காட்டிப் பகுதிநேரக் கோரிக்கையை மறுக்கும் நிர்வாகம், பெரும்பாலும் அந்தச் செவிலியரை முழுமையாகவே இழக்கிறது. மூன்று ஷிப்ட் வரும் அனுபவசாலி ஒருவர் வேலையை விட்டுவிட்ட அனுபவசாலியைவிட எவ்வளவு மேல் என்பதை எந்தத் தலைமைச் செவிலியரும் அறிவார்.

எது உண்மையில் உதவுகிறது

1977-இலேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு செவிலியருக்கென்று ஓர் உடன்படிக்கையையும் அதனுடன் ஒரு பரிந்துரையையும் நிறைவேற்றியது. செவிலியர்கள் தங்கள் சொந்த வாழ்வையும் குடும்ப வாழ்வையும் அமைத்துக்கொள்ளும் வகையில் பணிப்பட்டியல் போதிய அளவு முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும் என்று அந்தப் பரிந்துரை சொல்கிறது. இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவே குறைந்தது 12 மணி நேரம் தொடர் ஓய்வு வேண்டும், நடுவில் சம்பளமில்லாத இடைவெளி விட்டுப் பிளக்கப்பட்ட ஷிப்டுகளைத் தவிர்க்க வேண்டும், பகுதிநேரச் செவிலியரின் பணி நிபந்தனைகள் முழுநேரத்தவருடையதற்கு இணையாக, உரிய விகிதத்தில் அமைய வேண்டும் என்பவையும் அதில் உண்டு. அரை நூற்றாண்டுக்கு முன்பு எழுதப்பட்ட இந்த வரிகளைப் படிக்கும்போது, தேவை என்னவென்று உலகத்துக்குத் தெரியாமல் இல்லை என்பது விளங்குகிறது.

பட்டியலை முன்கூட்டித் தருவதுதான் எல்லாவற்றிலும் செலவு குறைந்த சீர்திருத்தம். குழந்தைப் பராமரிப்பு ஏற்பாடுகள் அனேகமாக நிலையான நாட்களை எதிர்பார்க்கின்றன. வாரந்தோறும் மாறும் ஷிப்டுக்கு ஏற்பக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பது அரிது. ஆகவே திங்கள், புதன், வியாழன் என்று நிலையாக அமைந்த மூன்று நாள், பார்வைக்குச் சலிப்பாக இருந்தாலும், நெகிழ்வு என்ற பெயரில் வாரத்துக்கு வாரம் இடம் மாறும் இரண்டு நாளைவிடக் குடும்பத்துக்கு நல்லது. நெகிழ்வு யாருக்கு என்று கேட்டே தீர வேண்டும். நிறுவனத்தின் வசதிக்கு வளைவதும் செவிலியரின் தேவைக்கு வளைவதும் ஒன்றில்லை. செவிலியர்களே கூடிப் பட்டியல் போட்டுக்கொள்ளும் முறை சில மருத்துவமனைகளில் நன்றாக நடக்கிறது. ஆனால் தெளிவான விதிகள் இல்லாவிட்டால் மூத்தவர்களும் குரல் உயர்த்தத் தெரிந்தவர்களும் நல்ல ஷிப்டுகளை எடுத்துக்கொள்ள, புதியவர்களுக்கு மிச்சம் மட்டுமே கிடைக்கிறது.

நீண்ட காலத்தில் மிகவும் வலிப்பது வேறொன்று: முழுநேரத்துக்குத் திரும்ப வழி இல்லாமல் போவது. குழந்தை வளர்ந்துவிடுகிறது, செலவு கூடுகிறது, ஆனால் முழுநேர இடம் காலியில்லை என்கிறார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் வார்டுப் பொறுப்புகளும் சிறப்புப் பயிற்சிகளும் மற்றவர்களுக்குப் போயிருக்கும். சம்பளத்தின் விகிதத்தில் ஓய்வூதியமும் சுருங்கியிருக்கும். ஜெர்மனி 2019-இல் கொண்டுவந்த சட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது. 45 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்தவர், ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை காலவரையறையோடு நேரத்தைக் குறைத்துக்கொண்டு, அது முடிந்ததும் பழைய நேரத்துக்கே திரும்பும் உரிமையைக் கோரலாம். நெதர்லாந்தில், போதிய எண்ணிக்கையில் ஆட்கள் உள்ள நிறுவனங்களின் பணியாளர், நேரத்தைக் குறைக்கக் கோருவதைப் போலவே கூட்டவும் கோரலாம். தொழில்பதிவைத் தக்கவைப்பதும் இதோடு சேர்ந்தது. பிரிட்டனில் செவிலியர் பதிவைப் புதுப்பிக்க மூன்றாண்டில் 450 மணி நேரப் பணியும் 35 மணி நேரத் தொடர்கல்வியும் வேண்டும். முழுநேரத்தவருக்கும் பகுதிநேரத்தவருக்கும் அளவு ஒன்றே. பணிநேரம் பெரும்பாலோருக்கு எளிதாக நிறைந்துவிடும். தொடர்கல்விக்கான நேரம் யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பதுதான் கேள்வி. பயிற்சி நாள் தம் ஓய்வு நாளில் விழுந்தால் அதற்குச் சம்பளமோ மாற்று விடுப்போ கேட்பது பகுதிநேரச் செவிலியரின் உரிமை.

பகுதிநேரத்துக்கு மாற எண்ணுபவர் விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே நிர்வாகத்திடம் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டியவை இவற்றிலிருந்தே தெளிவாகின்றன. எந்த நாட்கள், எந்த ஷிப்டுகள் என்பதும், பட்டியல் எத்தனை வாரம் முன்பு வரும் என்பதும், ஒப்பந்தத்துக்கு மேற்பட்ட மணிக்கு என்ன விகிதம் என்பதும், ஒப்படைப்பில் தாமதமாகும் நேரம் பணிநேரமாகக் கணக்கிடப்படுமா என்பதும் அதில் இருக்கட்டும். முழுநேரத்துக்குத் திரும்பும் தேதியோ, திரும்பக் கோரும் வழிமுறையோ கட்டாயம் இருக்கட்டும். அதே வாரத்தில் வீட்டிலும் ஒரு முறை உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் விடுப்பு எடுப்பது, நைட் டியூட்டிக்கு மறுநாள் பகலில் வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்பவை வேலை நாட்கள் குறைவதற்கு முன்பே முடிவாகிவிட வேண்டும்; குறைந்த பிறகு பேசுவதற்கு அவருக்கு நேரமும் தெம்பும் கிடைப்பது அரிது.